ரொட்டித் தூளும் ஒரு வயிற்றெரிச்சலும்

வேலை பார்த்த லேத் பட்டறையை முதலாளி மூடியபோது கடைசல்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைந்த கை. ஆனால் அந்த வயதில் புதிதாக வேலைக்கு எடுக்க எவரும் முன்வரவில்லை. அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தாள். அவள் வேலைக்குப் போனாள், இவர் அடுப்படிக்கு வந்தார். முணுமுணுக்காமல்தான் வந்தார். பேச்சு மட்டும் குறைந்துபோனது. தட்டை வைப்பார், எடுப்பார், கழுவுவார்.

ஒருநாள் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு எங்க டெக்னீஷியன் கட்லெட் செஞ்சு கொண்டாந்தாருங்க. அப்பப்பா! மேல மொறுமொறுன்னு, உள்ள பஞ்சு மாதிரி. ரொட்டித் தூளைக்கூட அவரே வீட்டுல பண்றாராம்."

"ஓகோ."

ஒன்பது மாதமாக மூன்று வேளையும் இவர் ஆக்கிப் போடுகிறார். இவருக்கு ஒரு 'அப்பப்பா' கிடைத்ததில்லை. கடைசல்காரருக்குச் சுருக்கென்றது.

டெக்னீஷியனை அவர் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். மழை நாளில் குடை கொடுக்கப் போனபோது, ஒல்லியாக, உயரமாக, வெள்ளைக் கோட்டுடன் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! அன்றே மனதுக்குள் அவனுக்குச் 'சோதனைக்குழாய்' என்று பெயர் வைத்துவிட்டார். இப்போது அந்தச் சோதனைக்குழாய் கட்லெட் வேறு செய்கிறது.

மறுநாள் அவள் தெருமுனை திரும்பியதும் ரொட்டி வாங்கி வந்து, துருவியில் தேய்த்தார். புது ரொட்டி துருவலாக விழவில்லை, பிசுபிசுவென்று உருண்டது. அடுத்த முறை இரண்டு நாள் பழைய ரொட்டியைப் பிய்த்து வாணலியில் வறட்டினார். அவசரத்தில் தீயைக் கூட்ட, வெளியே கருகி உள்ளே ஈரமாகவே இருந்தது. மூன்றாவது முறை பதமாக வறட்டி, சூட்டோடு சூடாகப் பொடித்து பாட்டிலில் அடைத்தார். சூடு வேர்த்து, மூடியில் நீர் கோத்து, மூன்றாம் நாள் பச்சைப் பூஞ்சை.

"அவனால முடியுது, என்னால முடியாதா?" என்று வாணலியிடம் கேட்டார்.

நான்காவது முறை பட்டறைப் பொறுமை திரும்பிவிட்டது. சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தார். துண்டை விரலில் ஒடித்தால் படக்கென்று ஒடியும் வரை வறட்டினார். தாம்பாளத்தில் பரப்பி, தொட்டால் சில்லென்று இருக்கும்வரை ஆறவிட்டார். பிறகு சுத்தமான துணிப்பையில் போட்டுக் கட்டி, பூரிக்கட்டையால் மேலும் கீழும் உருட்டினார். சல்லடையில் சலித்து, மேலே நின்ற கரட்டுத் துகள்களை மறுபடி உருட்டினார். தூள் மணல்போல ஒரே சீராக விழுந்தது. அதில் புரட்டிப் பொரித்த கட்லெட்டுகளை அவள் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தார்.

"அங்கேயும் எல்லாருக்கும் குடு" என்றார். 'எல்லாருக்கும்' என்பதை அழுத்திச் சொன்னார்.

சாயங்காலம் அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "டெக்னீஷியன் அசந்துட்டாருங்க. அவரோட தூள் ரெண்டு நாளைக்கு மேல தாங்காதாம். ஞாயித்துக்கிழமை அவங்க அக்கா குடும்பம் வருதாம், முன்கூட்டியே பண்ணி வைக்கணுமாம். செய்முறை எழுதித் தரச் சொன்னாரு."

கடைசல்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். வறட்டுவது, உருட்டுவது, சலிப்பது, காற்றுப் புகாத பாட்டிலில் அடைப்பது, எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதினார். ஆறவிடுவதை மட்டும் எழுதவில்லை.

திங்கட்கிழமை செய்தி வந்தது. "பாவங்க. பாட்டில் முழுக்கப் பூஞ்சையாம். விருந்துக்கு வந்தவங்களுக்கு வெறும் உருளைக்கிழங்கை வறுத்துப் போட்டாராம். 'அவரு சரியாத்தான் எழுதியிருக்காரு, நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்'னு தலையில அடிச்சிக்கிறாரு."

முதலில் கடைசல்காரருக்கு ஜிலுஜிலுவென்று இருந்தது. நன்றாக வேண்டும்! ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை. அவன் இவரைத் திட்டியிருந்தால் இறங்கியிருக்கும். தன்னையே அல்லவா திட்டிக்கொண்டிருக்கிறான்!

மறுநாள் மதியம் மனைவியின் பழைய நோட்டிலிருந்து டெக்னீஷியன் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தார்.

"தூளை ஆறவிட்டுத்தான் அடைக்கணும். அதை நான் எழுதல."

"மறந்துட்டீங்களா சார்?"

"மறக்கல."

மறுமுனையில் டெக்னீஷியன் மெதுவாகச் சிரித்தான்.

"நானும் ஒண்ணு சொல்றேன் சார். உங்க வீட்டம்மா இங்க டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் 'எங்க வீட்டுக்காரரு கை மாதிரி வராது'ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஒன்பது மாசமா கேட்டுக் கேட்டு எனக்குக் காதுல புகை. நான் தனிக்கட்டை, நானே பொங்கித் தின்னுறவன். என் சமையலை ஒருத்தரும் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்தக் கடுப்புலதான் சார் கட்லெட்டே பண்ணிக் கொண்டாந்தேன்."

கடைசல்காரர் போனை வைத்துவிட்டு ராத்திரிச் சமையலை ஆரம்பித்தார்.

அவள் வந்ததும் கேட்டார். "என் சமையலை அங்க எல்லாம் புகழ்வியாமே. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா? தட்டை வச்சிட்டு அடுத்த நிமிஷம் எழுந்து போயிடறீங்க. உங்க முதுகைப் பார்த்தா சொல்றது?"

அன்று அவர் எழுந்து போகவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை ரொட்டி கெட்டுப்போன கதையைச் சொன்னார். செய்முறையில் ஆறவிடுவதை மறைத்ததையும் சொன்னார். "அடப்பாவி மனுஷா!" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெக்னீஷியனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வந்தவன் கட்லெட்டைக் கடித்துக் கண்ணை மூடினான். "உங்ககிட்ட தோத்துட்டேன் சார்" என்றான். கடைசல்காரர் இன்னும் இரண்டை அவன் தட்டில் வைத்தார். நல்லவனாகத்தான் தெரிந்தான். அப்புறம் அவன் பரிசோதனை நிலையத்துக் கதை ஒன்றைச் சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசல்காரரும் கூடவே சிரித்தார். வயிற்றில் மட்டும் லேசாக எரிந்தது.