சப்பரத்துக்குப் போன ஆர்கன் தட்டு

எழுத வராதவன் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பயணம் என்றால் காசிக்கும் கயாவுக்கும் போனவர்கள் எழுதுவார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறவன். நான் போனது ஏறக்குறைய நாற்பது மைல், மணமேல்குடிக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு மீனவக் குப்பம். அங்குள்ளவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஆகவே வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1963, ஜூன் மாதம், பகல் ஒரு மணி.

சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அலமாரியில் என் இசைத்தட்டு இல்லை. மனைவி ஆரோக்கியம் சோற்றைப் போட்டுக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னாள்.

"காலையில தம்பி வந்துச்சுங்க. இன்னிக்கு மணமேல்குடிக்கு அங்கிட்டு அந்தக் குப்பத்துல அந்தோணியார் திருநாளாம். சப்பரம் தூக்கும்போது ஆர்கன் பிளேட்டுத்தான் போடணும்னு புதுசா வந்த பங்குச்சாமி சொல்லிட்டாராம். தம்பி எங்கிட்டுப் போகும் பாவம்? நம்மகிட்ட இருக்கேன்னு எடுத்துக் குடுத்தேன்."

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

தம்பி என்றது அவள் உடன்பிறந்த சவரிமுத்துவை. அறந்தாங்கியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறான். அவனுடைய கருவி கல்யாண வீட்டுப் பிளேட்டுகளுக்கானது. ஒரே வேகம்; நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. ஊசியைத் தாங்கும் அதன் கழுத்துக் கனத்தில் முருங்கைக்காயை நசுக்கலாம். முனையில் இரும்பு ஊசி. என்னுடையது புது மாதிரி நீளத்தட்டு, முப்பத்து மூன்று சுற்று. அதன் கோடுகள் தலைமயிரைவிட மெல்லியவை. இரும்பு ஊசி ஒருமுறை ஏறினால் உழுத வயல்தான். பிறகு எந்தக் கருவியிலும் அது பேசாது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை ஆரோக்கியத்திடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆர்கன் என்றதும் அவளுக்கு மாதா கோயில்தான் நினைவு. அந்தத் தட்டில் இருப்பது ஜாஸ். அமெரிக்கக் கறுப்பின மக்கள் குடி விடுதிகளில் வாசித்து வளர்த்த சங்கீதம். மின்சார ஆர்கன் ஒன்று, சாக்ஸபோன் ஒன்று, டிரம் ஒன்று. கப்பலில் சமையல் வேலை பார்த்த என் சிற்றப்பா மகன் அதையும், அதைப் போட ஒரு சிறு பிளேயரையும் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று வருஷமாக அந்தத் தட்டைக் கேட்கிறேன். இன்னும் கேட்டு முடியவில்லை.

வாசிப்பவர் பெயரை நான் எழுதினால் தப்பாகத்தான் எழுதுவேன். ஆனால் அவர் எப்படி வாசிக்கிறார் என்பது தெரியும். கீழ்ஸ்தாயியைக் கையால் அல்ல, காலால் மிதித்து வாசிக்கிறார். கட்டையை அழுத்தும்போது நாதத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு 'டிக்' கேட்கும். கோயிலில் ஒலி மேலே போய்த் திரும்பி வரும். இதில் அப்படி இல்லை. காதுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஏன் என்று வெகுநாள் குழம்பினேன். பிறகு கப்பலிலிருந்து வந்த ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பதிவு செய்தவர் அதை ஒரு வீட்டின் முன்னறையில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்! சோபாவும் மேசையும் போடும் அறை. அவ்வளவு பெரிய ஆர்கனை அங்கே நுழைத்து, அதன் ஒலி வரும் மரப்பெட்டிக்குள் சுழலும் காற்றின் இரைச்சல் விழாதபடி மைக்கை எட்ட வைத்தாரா, கிட்ட வைத்தாரா என்று கடையில் துணி கிழிக்கும்போதும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

சோற்றை மூடி வைக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

"தட்ட வாங்கிட்டு வந்துருவீங்களா? தம்பிக்கு அவமானமாயிருமே" என்றாள் ஆரோக்கியம். "போன வருஷம் சப்பரம் பாதி வழியில போறப்போ பாட்டு நின்னுபோச்சுன்னு தம்பிய அடிக்கப் போயிட்டாங்க. இந்த வருஷமும் ஏதாச்சும் ஆனா அந்தக் கரையில யாரும் அதக் கூப்புட மாட்டாக."

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வராது. அது அவளுக்கும் தெரியும். ஆகவே பிளேயரையும் தூக்கிக்கொண்டேன். தட்டு ஓடித்தான் தீரவேண்டும் என்றால் அதற்குரிய ஊசியிலாவது ஓடட்டும்.

பகல் ஒன்றே முக்கால். அறந்தாங்கி பஸ்.

டிக்கெட் ஒரு ரூபாய். பெட்டியைக் கூரையில் ஏற்ற வேண்டும் என்றார் கண்டக்டர்.

"என்ன அது, தையல் மிஷினா?"

"பாட்டுப் பொட்டிங்க."

"அப்ப மேல கெடந்து பாடட்டும்."

வெயிலில் கூரைத் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. நான் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டு, "பாடினா எல்லாருக்கும் கேக்குற மாதிரி பாடச் சொல்லுங்க" என்று நகர்ந்தார். பூவரசகுடி, வல்லத்திராக்கோட்டை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற, மூட்டை ஏற, பஸ் நின்று நின்று போயிற்று. இரண்டு பக்கமும் முந்திரிக் காடும் செம்மண்ணும். ஜில்லா எல்லை தாண்டித் தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் நுழைந்தது எனக்குத் தெரியவில்லை. கண் முன்னால் சவரிமுத்துவின் இரும்பு ஊசிதான் நின்றது.

அறந்தாங்கியில் அவன் கடை பூட்டியிருந்தது. மைக் சாமான்களை முதல் நாளே வண்டியில் அனுப்பிவிட்டு மத்தியானம் பஸ்ஸில் போய்விட்டான் என்றார் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர்.

மூன்றரை மணி. மணமேல்குடி பஸ்.

இதில் டிக்கெட் தொண்ணூறு காசு. எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள், காலிக் கூடையோடு. கருவாடு விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவள். பெயர் லூர்தம்மாள் என்று பிறகு தெரிந்தது. நாகுடி தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்ததைக் கண்டதும் என்னையறியாமல் "ஐயோ" என்றேன்.

"என்னண்ணே, யாருக்காச்சும் மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டாள்.

வேறு வழியில்லாமல், தட்டில் இருப்பது குடி விடுதிச் சங்கீதம் என்பது உட்பட விஷயத்தைச் சொன்னேன். எந்தக் குப்பம் என்றதும் அவள் சிரித்துவிட்டாள்.

"அட, எங்க ஊருக்கா! ஒரு பிளேட்டுக்காகவா இம்புட்டுத் தூரம் ஓடியாரிய? பொண்ணக் கடத்திட்டாங்களோன்னு பாத்தேன்."

"சப்பரம் எப்பம்மா தூக்குவாக?"

"சாமி ஆறுன்னு சொல்லுவாரு. நாங்க ஆறரைக்குத் தூக்குவோம். ஆனா இந்தச் சாமி புதுசு, ஆறுன்னா ஆறுங்குறாரு." உடனே டிரைவர் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "டிரைவர் தம்பி! இந்த அண்ணன் பொட்டி போயித்தான் எங்க அந்தோணியாரே எந்திரிக்கணுமாம். வெரசாப் பாருப்பா!"

பஸ் ஜனமே திரும்பி என்னைப் பார்த்தது. தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு நாலு பேர் சேர்ந்து காற்றடிக்கும் பம்பை மாறி மாறி அழுத்தினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மணமேல்குடியில் இறங்கும்போது ஐந்தேகால். அங்கிருந்து குப்பத்துக்கு இரண்டரை மைல். பாதிக்கு மேல் மணல். வண்டி ஒன்றும் இல்லை. நூறு கஜம் போவதற்குள் எனக்குத் தோள் இறங்கிவிட்டது.

"இங்கிட்டுக் குடுங்க" என்று லூர்தம்மாள் பெட்டியை வாங்கித் தன் கருவாட்டுக் கூடைக்குள் வைத்துத் தலையில் ஏற்றினாள். அந்தப் பிளேயர் ஊர்தாண்டிக் கப்பலேறி வந்தது. கருவாட்டுக் கூடையில் போனது அன்றுதான். அவள் முன்னால் போக, வெறுங்கையோடு நான் பின்னால் ஓடினேன். தெற்கே இருந்து காற்று பலமாக அடித்தது. அதைச் சோழகம் என்கிறார்கள். மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. பனைகளுக்கு அப்பால் குழாய் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டது, தமிழ்ப் பாட்டு. என் தட்டை இன்னும் போடவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்.

ஓலைக் கூரைக் கோயில் வாசலில் சப்பரம் நின்றது. தூக்குகிறவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். கீற்றுப் பந்தலில் சவரிமுத்து. அவன் பக்கத்தில் கண்ணாடி போட்ட இளஞ்சாமியார். என் தட்டு உறையிலிருந்து வெளியே வந்து அவன் கையில் இருந்தது, விரல்கள் கோட்டின் மேலேயே பட.

"மச்சான்!" என்றான். "நீங்க எங்க இங்கிட்டு?"

"மாப்ளே, அதுல வைக்காத" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

சாமியார் என்னைப் பார்த்தார். "நீங்கதான் தட்டுக்குச் சொந்தக்காரரா? இது நல்ல ஆர்கன் இசைதானே? தப்பா ஒண்ணும் வராதே?"

இல்லை என்றால் தட்டு பிழைக்கும். சவரிமுத்து கெடுவான். சுற்றிலும் மெழுகுவர்த்தியோடு பெண்கள் நின்றார்கள். அந்தத் தட்டில் மொத்தம் ஏழு பாட்டு. ஆறில் டிரம் அதிரும். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு மட்டும் மெதுவானது. ஆர்கன் தனியாக, டிரம் தூரத்தில் துடைப்பம் உரசுவது போல. அதை நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு இருக்குங்க சாமி. நானே வைக்கிறேன்" என்றேன்.

ஆம்ப்ளிபையரில் ஒரே ஒரு கருவிக்குத்தான் இடம். சவரிமுத்து திருப்புளியால் தன் கருவியின் கம்பிகளைக் கழற்றி என் பிளேயருடையதை முடுக்கினான். முடுக்கிக்கொண்டே காதோரம் சொன்னான். "மச்சான், தோள்ல ஏத்திட்டாங்கன்னா குருசடி தாண்டுற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. இந்த ஊரு வழக்கம். நின்னா எறக்கி வச்சிட்டு நம்ம ரெண்டு பேரையும் தூக்குவாங்க."

குருசடி என்பது கடற்கரைப் பக்கம் சிலுவை நட்ட மேடை; ஒரு பர்லாங் இருக்கும். பாட்டு ஆறு நிமிஷம்.

வெடி போட்டார்கள். சப்பரம் எழுந்தது. கடைசி இரண்டு பாட்டுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் ஊசியை இறக்க வேண்டும். காற்று ஊசிக் கழுத்தை ஆட்டியது. ஊசி ஒரு நூல் முன்னால் விழுந்துவிட்டது. முந்தின பாட்டின் முடிவு, சாக்ஸபோனும் டிரம்மும் சேர்ந்த அந்தக் கடைசி வெடிப்பு, நாலு குழாயிலும் அலறிற்று. கூட்டத்தில் யாரோ, "பாத்தியா, சீமை மேளம்!" என்று கத்தினார்கள். சாமியார் சடாரென்று திரும்பினார்.

பிறகு மௌனம். பிறகு ஆர்கன்.

குழாயில் அந்த 'டிக்' கேட்காது. மின்சாரத்துக்குச் சவரிமுத்து வைத்திருந்த ஜெனரேட்டர் மூச்சு வாங்கும்போதெல்லாம் தட்டின் வேகம் குறைந்து நாதம் தணிந்து எழுந்தது. ஆனால் காலால் மிதித்த அந்தக் கீழ்ஸ்தாயி மணல் வெளியெங்கும் பரவியது. தூக்குகிறவர்களின் கால்கள் அதோடு சேர்ந்துகொண்டதைப் பார்த்தேன். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சாமியார் மறுபடி முன்னால் திரும்பி நடந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். பந்தலுக்குள் மணல் வந்துகொண்டிருந்தது. தட்டின் மேல் பொடிப்பொடியாக விழுந்து ஊசிக்கு முன்னால் சேர்ந்தது. ஒரு கரகரப்பு ஆரம்பித்தது. வேட்டியின் ஓரத்தைப் பிடித்து மறைத்தேன். சவரிமுத்து துண்டை விரித்தான். காற்று இரண்டையும் தள்ளிக்கொண்டு வந்தது.

பாட்டு முடியும் தறுவாயில் எட்டிப் பார்த்தேன். சப்பரம் பாதி வழிதான் போயிருந்தது. வீட்டுக்கு வீடு நிறுத்தி மாலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சவரிமுத்து என்னைப் பார்த்தான். கருவியை மாற்றக் கம்பி கழற்றி முடுக்கவேண்டும். அதற்குள் ஊரே திரும்பிப் பார்க்கும். திரும்பப் போடச் சொல்லி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஊசியைத் தூக்கி அதே பாட்டின் தொடக்கத்தில் திரும்ப வைத்தேன். மணல் மேல்தான் வைக்கிறேன் என்று தெரிந்தே வைத்தேன். மூன்றாவது முறையும் வைத்தேன். அதில் பாதி போனபோது குருசடியில் வெடி கேட்டது. நான் ஊசியை எடுத்தேன். சவரிமுத்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இருட்டும் நேரத்தில் சாமியார் திரும்பி வந்தார்.

"ரொம்ப உருக்கமா இருந்தது. ஆரம்பத்துல மட்டும் என்னமோ மாதிரி வந்துச்சு. எந்தக் கோயில்ல வாசிச்சது?"

"கோயில் இல்லைங்க சாமி. ஒரு வீட்டு முன்னறையில பதிஞ்சது."

"வீட்டுலயா?" சற்று யோசித்தார். "அப்ப நல்ல குடும்பமா இருக்கும்."

லூர்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அங்கிட்டுத் திரும்பினாள்.

வீட்டில் அந்தத் தட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒலியைக் குறைத்து, நான் ஒருவன் மட்டும் கேட்பேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிட்டால் வெட்கமாக இருக்கும். அந்தக் கரையில் ஒரு ஊரே அதன் நடுவில் நடந்து போயிற்று. ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டும், மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டும் போனார்கள். குடி விடுதியில் அதை வாசித்தபோதும் ஜனங்கள் இப்படித்தானே தங்கள் பாட்டுக்கு இருந்திருப்பார்கள் என்று தோன்றியது. அதை நான் இதுவரை நினைத்ததில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் புதுக்கோட்டை வந்து சேர்ந்தேன். தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திப் போட்டுப் பார்த்தேன். ஆறு பாட்டு நன்றாக இருந்தன. கடைசிப் பாட்டில் கரகரப்பு போகவில்லை. பிற்பகல் கடைக்குப் போனேன்.