கடைசியாக வந்த பச்சை

அந்த மருத்துவமனையில் அவரை எல்லோரும் 'பச்சை சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு நாற்பது கம்ப்யூட்டர்களையும் பதினேழு வருடமாகக் கட்டி மேய்ப்பவர். அதிர்ந்து பேசாத மனிதர். பாராட்டினால் மட்டும் கொஞ்சம் உருகிவிடுவார். அதுதான் வினையாகப் போயிற்று.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவரே யோசித்து ஒரு ஏஜென்ட் எழுதினார். வீடு வாங்கி விற்கிற ஏஜென்ட் இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் சத்தமில்லாமல் உட்கார்ந்து, 'சூடு இவ்வளவு, டிஸ்க்கில் இடம் இவ்வளவு, இன்னும் உயிரோடு இருக்கிறேன்' என்று நிமிடத்துக்கு ஒரு தடவை சேதி அனுப்பும் சின்ன புரோகிராம் அது. வந்த சேதியெல்லாம் வராந்தாவில் மாட்டிய பெரிய திரையில் நாற்பது கட்டங்களாகத் தெரியும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஓடு.

முதல் வாரம் மானத்தை வாங்கிவிட்டது. நெட்வொர்க் அடிக்கடி விட்டுவிட்டு வந்ததால் சேதி தாமதமாகும், கட்டம் சிவக்கும், மறு நிமிடம் பச்சையாகும். வெளியாட்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்த நிர்வாக அதிகாரி, "என்ன சார், உங்க போர்டுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்க, வந்தவர்கள் சிரித்தார்கள். அன்று மத்தியானமே காது சூடு ஆறுவதற்குள் அவர் ஒரு வரி சேர்த்தார்: சேதி வராவிட்டால், கடைசியாக வந்த நிறத்தையே வைத்துக்கொள். பக்கத்தில், 'தற்காலிகம். எத்தனை நிமிடம் வரை என்று பிறகு பார்க்க வேண்டும்' என்று குறிப்பும் எழுதினார். போர்டு பச்சைப் பசேல் என்று நின்றது. அதிகாரி தோளில் தட்டினார். 'பிறகு' வரவே இல்லை.

போன சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. கழுத்தில் துணி கட்டி, சலூன் நாற்காலியில் பாதி முடி வெட்டியிருந்தபோது போன் வந்தது. லேப் டெக்னீஷியன் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

"சார், காலையிலேர்ந்து ரிசல்ட் அடிச்சு சேவ் பண்றேன். திரும்பத் திறந்தா காலியா வருது."

போனிலேயே போர்டைப் பார்த்தார். லேப் முடிவுகளையெல்லாம் சேமித்து வைக்கும் பெரிய கம்ப்யூட்டரான லேப் சர்வர் பச்சை. "சர்வர் நல்லாத்தாம்மா இருக்கு. நீங்க சரியா சேவ் பண்ணலை போல."

"இல்ல சார், நாலு தடவை பாத்துட்டேன். என் ஸ்கிரீன்ல மட்டும்தான் இருக்கு."

"புரோகிராமை மூடிட்டுத் திறங்க. சரியாயிடும்."

"மூடினா அடிச்சதெல்லாம் போயிடாதா சார்?"

"போகாதும்மா. எல்லாம் சர்வர்ல இருக்கு."

அவள் மூடினாள். தொண்ணூற்று நான்கு பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் அதோடு போயின.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், லேப் சர்வரின் டிஸ்க் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே மண்டையைப் போட்டிருந்தது. அதற்குள் இருந்த ஏஜென்டும் கூடவே போய்விட்டது. சேதி அனுப்ப ஆள் இல்லை. போர்டு ஆறு ஐம்பத்தொன்பதின் பச்சையை இரண்டு நாளாகக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் தன் வரியைத் திறந்து பார்த்தார். பக்கத்தில் தன் கையால் எழுதிய 'தற்காலிகம்'.

புது டிஸ்க்கைப் போட்டு, வெள்ளிக்கிழமை எடுத்து வைத்த பிரதியை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். அதிகாரி வழிமறித்தார்.

"சனிக்கிழமை உங்க போர்டு பச்சையாத்தானே இருந்தது?"

"ஆமா சார்," என்றார். பொய் இல்லைதான். அப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது அவருக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணுக்கு மெமோ போனது: கவனக்குறைவு, எழுத்து மூலம் விளக்கம் தேவை. இன்னும் வேலை நிரந்தரமாகாதவள். இந்த மெமோ உறுதியானால் வேலை போய்விடும். பச்சை சார் அன்று முழுவதும் லேப் வழியாகப் போகாமல், எக்ஸ்ரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். ஐம்பது வயது மனிதர், இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் பயந்து ஒளிந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் மாமனார் இவர் வீட்டுக்கு வந்தார். அந்தத் தொண்ணூற்று நான்கு பேரில் அவரும் ஒருவர். நரம்பு அகப்படாமல் மூன்று இடத்தில் குத்தியதில் முழங்கை மடிப்பு கருநீலமாக இருந்தது.

"ரெண்டாவது தடவை குத்திட்டாங்க மாப்ள. யாரோ ஒரு பொண்ணு சரியா சேவ் பண்ணலையாம். நான் அங்க வரிசைல நின்னவங்ககிட்டயே சொன்னேன், எங்க மாப்ள போர்டு பொய் சொல்லாது, தப்பு அந்தப் பொண்ணு மேலதான்னு. எல்லாரும் நல்லா திட்டினாங்க."

"அந்தப் பொண்ணு முன்னாடியேவா?"

"முன்னாடிதான். அவதான் தலை குனிஞ்சுக்கிட்டு குத்தினா. கண்ல தண்ணி, நரம்பு எங்க தெரியும்? அதான் மூணு குத்து."

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். பச்சை சார் தொடவில்லை. கேட்டதற்கு, தலைவலி என்றார்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக அந்த வரியை எடுத்தார். ஐந்து நிமிடம் சேதி வராவிட்டால் கட்டம் சாம்பல் நிறமாக வேண்டும், நடுவில் 'தெரியவில்லை' என்று வர வேண்டும். எழுதி முடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. மூன்று வருடமாகக் கிடைக்காத பத்து நிமிடம். போர்டில் மூன்று கட்டங்கள் உடனே சாம்பலாயின. அவை எத்தனை மாதமாக ஊமையாக இருந்தனவோ, அவருக்கே தெரியாது.

மாடியேறிப் போனார். அதிகாரியின் மேஜைக்கு முன்னால் அந்தப் பெண் கையில் விளக்கம் எழுதிய தாளோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சார், தப்பு என்னோடது," என்றார். டிஸ்க்கைச் சொன்னார், வரியைச் சொன்னார், மூடச் சொன்னது தான்தான் என்பதைச் சொன்னார். திங்கட்கிழமை வாய் திறக்காததையும் சொன்னார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்த மெமோ இனி உங்களுக்கு," என்றார்.

"சரி சார்." அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடும்மா. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடு."

அவள் தாளைப் பார்த்தாள். அவரும் எட்டிப் பார்த்தார். 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கியிருந்தது.

"ஏன்மா இப்படி எழுதினே? உன் மேல தப்பு இல்லன்னு உனக்குத் தெரியுமே."

"தெரியல சார். நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்களா, நான்தான் பட்டனை அழுத்தலையோன்னு தோணிடுச்சு. இப்பல்லாம் வீட்ல கேஸை அணைச்சேனான்னு கூட பாதி வழி வந்துட்டுத் திரும்பிப் போய்ப் பாக்கறேன்."

அவள் தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போனாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, கூடைக்குள் குனிந்து, கிழித்துத்தான் போட்டோமா என்று பார்த்துவிட்டுப் போனாள்.