பேர் என்றொரு பெயர்

சொந்தப் பெயரை மறைத்துவிட்டு வேறொரு பெயரைப் போட்டவருக்கு, அது திரையில் பெரிதாகத் தெரியும்போது மகிழ்ச்சியாக இருந்திருக்குமா, நெஞ்சில் ஏதாவது குத்தியிருக்குமா? ஏழு வயதில், டென்மார்க்கின் வைலே நகரில், எங்கள் மஞ்சள் சோபாவில் இருந்தபடி கேட்ட கேள்வி. இன்றும் விடை தெரியாது.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் அப்பா நூலகத்திலிருந்து "குதிரைப் படம்" எடுத்து வருவார்; கௌபாய்ப் படங்களுக்கு அவர் வைத்த பெயர் அது. தொழிற்சாலைச் சவர்க்கார மணம் போகாத கையால் அவர் தள்ள, வீடியோக் கசெற் "கடக்" என்று உள்ளே போகும். பிறகு புழுதி, சீழ்க்கை, வியர்வை வழியும் முகங்கள். எல்லாம் அமெரிக்கா என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் அப்பா எழுத்தோட்டத்தில் படத்தை நிறுத்தினார்.

"இது இத்தாலிக்காரன் எடுத்த படம், பிள்ளை. ஸ்பெயின் வெய்யிலுக்குள்ள நிண்டு எடுத்தது. பேரைப் பார், அமெரிக்கன் பேர். சொந்தப் பேரைப் போட்டாச் சனம் பாக்காதெண்டு பயம்."

"நீங்கள் மட்டும் என்னவாம்?" என்றார் அம்மா குசினிக்குள் இருந்து.

பரமேஸ்வரன் என்ற அப்பா தொழிற்சாலையில் "பேர்" ஆகியிருந்தார். டேனிஷ்காரருக்கு அது சாதாரண ஆண்பெயர். முதன்முதல் தொலைபேசியில் ஒருவர் "பேர்?" என்று கேட்டபோது, அம்மா தன் பெயரைச் சொல்லிவிட்டு, "இஞ்சாருங்கோ, வெள்ளைக்காரன் தமிழ் கதைக்கிறான்!" என்று கத்தியது எங்கள் வீட்டின் நிரந்தரப் பகிடி.

அந்த இத்தாலிய இயக்குநர்களில் சிலர் படங்கள் ஓடிய பின் சொந்தப் பெயருக்குத் திரும்பினார்கள் என்று வளர்ந்த பின் வாசித்தேன். அப்பா திரும்பவில்லை. ஓய்வுபெற்ற நாளில் வெட்டிய கேக்கிலும் "பேர்" என்றுதான் இருந்தது.

இப்போது நான் சில்க்போர்க்கில் இருக்கிறேன். என் நான்கு வயது மகள் மகிழினி, சிறுவர் பள்ளியில் "மீ"; அதுவும் இங்கே சாதாரணப் பெண்பெயர். வீட்டிலும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை; "நான் மீ!" என்று டேனிஷில் சண்டைக்கு வருகிறாள். கோடை விடுமுறைக்குப் பிறகு அவள் பள்ளியில் உடுப்பு மாட்டும் கொழுவியில் "மீ" என்றே எழுதட்டுமா என்று ஆசிரியை கனிவாகத்தான் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மறுத்தால் பிள்ளையை எல்லோரிடமிருந்தும் பிரிக்கிறேனோ? சம்மதித்தால் நானே அவளுடைய பெயரை அழிக்கிறேனோ?

அப்பாவிடம் கேட்டேன்.

"ஓமெண்டு சொல்லு, பிள்ளை. எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அம்மாவுக்கு அவர் "இஞ்சாருங்கோ", எனக்கு அப்பா, மற்றவர்களுக்குப் பேர். கசெற்றுகள் போய்விட்டன, நூலகத்தில் அந்தத் தட்டும் இல்லை. பரமேஸ்வரன் என்று வாய்விட்டுக் கூப்பிடவும் இந்த நாட்டில் எவரும் இல்லை.

விடுமுறை முடிய இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்: அந்தக் கொழுவியில் எந்தப் பெயரை எழுதச் சொல்ல?