பனிமூட்டத்தில் எல்லம்மாள் ஓட்டிய வேன்

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்காலுக்குத் தினமும் காலையில் ஒரு வேன் போகிறது. அதில் வருபவர்கள் பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேலை பார்ப்பவர்கள். ஓட்டுவது எல்லம்மாள், வயது நாற்பத்திரண்டு. கணவர் வேடியப்பனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, நெடுநேரம் உட்கார முடியாமல் போனது. வேனை விற்க மனமில்லாமல் எல்லம்மாள் லைசென்ஸ் எடுத்தாள். அதற்கு ஒன்பது வருடம் ஆகிறது. வண்டியில் ஒரு கீறல் கூட இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அவளைக் கேட்டால், இரண்டு இருக்கிறது என்று காட்டுவாள்.

பொங்கல் முடிந்த நாலாம் நாள், ஊர் எல்லை தாண்டியதுமே சாலை காணாமல் போனது. பனி அப்படி இறங்கியிருந்தது. எல்லம்மாள் ஹெட்லைட்டைத் தாழ்த்தினாள், பாட்டை நிறுத்தினாள், தன் பக்கக் கண்ணாடியை முழுதாக இறக்கினாள். சாலையோர வெள்ளைக் கோட்டை ஒட்டியே வண்டி இருபதில் ஊர்ந்தது. உள்ளே குளிர் புகுந்ததும் பின்னால் முணுமுணுத்தார்கள். முன் சீட்டில் இருந்த கிளார்க் அருண்பிரசாத்துக்கு அன்று ஆபீஸில் இன்ஸ்பெக்ஷன்.

"எதிர்ல வண்டியே இல்லக்கா. கொஞ்சம் மிதிங்க."

"இல்லனு எனக்கே தெரியல, உங்களுக்கு எப்படி சார் தெரியும்? கண்ணுக்குத் தெரியற தூரத்துக்குள்ள வண்டி நிக்கணும். அதுக்கு மேல ஜாஸ்தி ஓட்ட மாட்டேன்."

சற்றுத் தூரம் போனதும் எங்கோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தினாள். பனிக்குள்ளிருந்து கரும்புக் கட்டுகள் சுவர்போல வெளிப்பட்டன. பின்விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர். மூன்று முழம் இடைவெளியில் வேன் நின்றது.

முன்னால் நிற்பதைவிடப் பின்னால் வரப்போவதுதான் அவளைப் பயமுறுத்தியது. இண்டிகேட்டர்களைப் போட்டுவிட்டு, எல்லோரையும் இறக்கி நிலக்கடலைக் கொல்லையில் போய் நிற்கச் சொன்னாள். நர்ஸ் சினேகாவின் சிவப்புச் சால்வையை வாங்கிக்கொண்டு, அருண்பிரசாத்தோடு சாலையோரமாகவே நூறடி பின்னால் ஓடினாள். அவர் செல்போன் விளக்கை ஆட்டினார்.

"ஆட்டிக்கினே இருங்க சார். ரோட்டுல மட்டும் இறங்காதீங்க."

இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் தெரிந்தன. ஒரு பேருந்து. பிரேக் சீறி, அவர்களைத் தாண்டிப் போய், வேனுக்குச் சற்றுப் பின்னால் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து டிரெய்லரைப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்தபடி நின்றார்.

டிராக்டர்காரன் மாறன் டிரெய்லருக்கு அடியில் படுத்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தான். பின்விளக்கு ஒயர் அறுந்து ஒரு மாதம் ஆகிறது, ஓனரிடம் சொல்லியிருக்கிறேன் என்றான். எல்லம்மாள் திட்டவில்லை.

"அடியில படுத்திருந்தது நீதான் தம்பி. பஸ்ஸு இடிச்சிருந்தா மொதல்ல உசுரு போயிருக்கறதும் உனக்குத்தான்."

பனி விலகும்வரை காத்திருந்து கிளம்பினார்கள். அருண்பிரசாத்துக்கு அரைநாள் விடுப்பு போனது.

மறுவாரத்திலிருந்து, மாசி முடியும்வரை வேன் அரைமணி முன்னதாகக் கிளம்பும் என்று அறிவித்தாள். இரண்டு பேர் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்றை வாங்கிக்கொண்டு மாறனின் ஊருக்குப் போனாள். அங்கே நின்ற டிரெய்லர்களின் பின்பக்கமெல்லாம் அவளும் மாறனுமாக ஒட்டினார்கள். ஒரு ஓனர் மட்டும் பெயின்ட் கெட்டுவிடும் என்று மறுத்தார். அவர் வீட்டுக்குள் போனதும் அந்த டிரெய்லரிலும் ஒட்டிவிட்டு வந்தாள்.