மெதுவாக டைப் அடிப்பவள்

அந்த டைப்பிங் அலுவலகத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர். முதலாளி வைத்தது. அரை மணி நேர வேலையை மதியம் வரை இழுப்பாள் என்பது அவர் குறை. உண்மையில் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு, மீதி நேரம் முகத்தைச் சுளித்தபடி விசைகளைச் சும்மா தட்டிக்கொண்டிருப்பாள். அலுவலகங்களில் முகச்சுளிப்புக்கு என்றுமே நல்ல மரியாதை உண்டு.

காரணம் பக்கத்து மேசை அக்கா. தலைப்பை நடுவில் நிறுத்த ஸ்பேஸ் விசையைத் தட்டுவார். அடுத்த பக்கம் போக என்டரைத் தட்டிக்கொண்டே போவார். அவர் வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் அவர் மட்டும்தான். ஒருத்தியே எல்லா வேலையையும் முடிப்பாள் என்று தெரிந்தால் முதலாளி இரண்டாவது நாற்காலியைத் தூக்கிவிடுவார். ஆகவே ஆமை ஆமையாகவே இருந்தாள்.

அன்று ஐந்து மணிக்குள் ஒரு டெண்டர் போயாக வேண்டும். அக்கா அடித்தது. கடைசி நேரத்தில் டெண்டர் போடும் கட்டட காண்ட்ராக்டர் போன் செய்து முன்பக்கத்தில் இரண்டு பத்தி சேர்க்கச் சொன்னார். சேர்த்ததுதான் தாமதம், உள்ளே எல்லாம் சரிந்தது. தலைப்புகள் பக்கத்தின் அடியில் தொங்கின; நடுநடுவே வெற்றுத்தாள்கள். அக்கா ஒவ்வொரு என்டராக அழிக்க ஆரம்பித்தார். இது போகவில்லையென்றால் நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலாளி அங்கேயே நின்றார்.

ஆமை மெதுவாக இருந்தால் அக்கா இன்று போவார். வேகம் காட்டினால் அடுத்த மாதம் போவார். அடுத்த மாதம் தேவலை என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தேடி மாற்றும் பெட்டியைத் திறந்தாள். அடுத்தடுத்து இரண்டு என்டர் இருக்கும் இடத்திலெல்லாம் ஒன்றை மட்டும் வை என்று உத்தரவு கொடுத்தாள். திரும்பத் திரும்பக் கொடுத்தாள். வெற்று வரிகள் மாயமாயின. முதல் அத்தியாயத்துக்கு முன்னால் கண்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினாள், புதுப்பக்கம் வந்தது. மற்ற அத்தியாயங்களுக்கு எஃப் நான்கு விசை போதும். கடைசியாகச் செய்ததையே அது மறுபடி செய்யும்.

முதலாளி குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப இங்க எதுக்கும்மா ரெண்டு பேரு?”

“அக்கா சொல்லிக் குடுத்ததுதான் சார்.”

டெண்டரோடு போகவேண்டிய விலைப்பட்டியல் கோப்பும் அதே கதியில் கிடந்தது. அதை அக்காவே சரிசெய்யட்டும், பார்க்கிறேன் என்றார் முதலாளி. அக்கா திரையைப் பார்த்தார், ஆமையைப் பார்க்கவில்லை.

“பின்னால நின்னா எனக்குக் கை வராது சார். நீங்க போய் உக்காருங்க.”

அவர் போனார். எந்த விசை என்று ஆமை முணுமுணுக்க, அக்கா அழுத்தினார். ஒரு தடவை, பதிலுக்கு எதை வைப்பது என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட, பட்டியலில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கண்ட்ரோல் இசட் அழுத்திப் பழையபடி ஆக்கினார்கள். மறுபடி செய்தார்கள். ஐந்தடிப்பதற்குள் கோப்பு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை இரண்டு மேசையிலும் காகிதக் கட்டு கழுத்தளவு. இப்படி இரண்டு பேரை வைத்துக்கொண்டு இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டோமே என்று வருந்திய முதலாளி, வேறு இரண்டு கம்பெனிகளின் வேலையையும் பிடித்து வந்திருந்தார்.

அக்கா கட்டை அளந்து பார்த்தார்.

“நேத்து நீ கொஞ்சம் மெதுவாப் பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?”