அளவு எடுத்தவர் பெயர்

எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். எங்கள் ஊரில் மூக்கு மேல் கோபம் மட்டும் இருந்தால் நல்லது என்று நானும் திருப்பிச் சொல்வேன். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் இருக்கிற ஒரு பெண்கள் பள்ளியில் இருபது வருடத்துக்கும் மேலாக இயற்பியல் நடத்துகிறேன். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலை மேசையைத் துடைப்பது. மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் இன்னொரு முறை. துடைத்த துணியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. உதறிவிட்டு மடித்து வைத்துவிடுவோம்.

போன வருடம் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களே தங்கள் பகுதியில் ஒரு சிக்கலைக் கண்டுபிடிக்க வேண்டும், மாணவர்களே அதை ஆராய வேண்டும், ஆசிரியர் கூட நின்றால் போதும். இந்த மாதிரிக் காகிதம் வந்தால் வழக்கமாக என்ன நடக்கும் என்பது ஊரறிந்த கதை. தெர்மாகோல் வாங்குவோம். யூடியூபைப் பார்த்து, தானாகத் தண்ணீர் விடும் பூந்தொட்டி ஒன்று செய்வோம். ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புவோம். அந்த நினைப்பிலேயே பதினொன்றாம் வகுப்பில் அதைக் கடகடவென்று வாசித்தேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். முதல் மதிப்பெண் வாங்குகிறவள் இல்லை. நேரங்கெட்ட நேரத்தில் கேள்வி கேட்டு என் பாடத்தை முறிக்கிறவள்.

"மிஸ், எங்க வூட்ல காயப்போட்ட துணி மேல கருப்பா வியுதுல்ல, அது எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபுடிக்கலாமா?"

"ரோட்லேர்ந்து தான்டி வருது, லாரி போவுதுல்ல" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பு சிரித்தது.

"அத்த நீ எப்டி ரோடுன்னு சொல்றேன்னு தான் கேக்கறேன்."

உட்காரச் சொன்னேன். இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருக்கிறது என்று கத்தியும் இருப்பேன்.

மூன்று நாள் கழித்து அவள் ஒரு கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தைச் சதுரமாக வெட்டிக்கொண்டு வந்தாள். அதில் வாசலின் தடவி ஒரு பகல் முழுக்க ஜன்னலில் மாட்டி வைத்திருக்கிறாள். அட்டை முழுக்கப் பொடிப்பொடியாகக் கருப்புப் புள்ளிகள். "மொதல்ல தேங்காண்ண தடவினேன் மிஸ், ஓடிப்போச்சு. வாசலின் தான் நிக்குது" என்றாள். ஆய்வகத்திலிருந்த லென்ஸைக் கொடுத்தேன். ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்டு அதற்குள் எண்ணலாம் என்பதையும் அவளேதான் சொன்னாள். இவ்வளவு வருடம் மேசையைத் துடைத்த எனக்கு இது தோன்றவில்லையே என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. சந்தோஷம் அப்புறம்தான் வந்தது.

அவளோடு மூன்று பேர் சேர்ந்தார்கள். அவரவர் தெருவில், மாடியில், பள்ளிச் சுவரில், பஸ் ஸ்டாப்பில் என்று அட்டைகள் தொங்கின. அவர்களில் முகத்துவாரக்குப்பத்துப் பெண் ஒருத்தி, அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், என் அட்டவணையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "காத்து கச்சானா, கொண்டலா, வாடையானு போடாம இது இன்னா மிஸ் கணக்கு?" என்றாள். கச்சான் என்றால் கரையிலிருந்து அடிப்பது, கொண்டல் என்றால் கடலிலிருந்து வருவது என்று எனக்கு அவள்தான் விளக்கினாள். காற்றுக்கு ஒரு பத்தி சேர்த்தோம். அப்புறம்தான் எண்களுக்கே ஓர் ஒழுங்கு வந்தது. எந்தக் காற்றுக்கு எந்தத் தெரு கறுக்கிறது என்று அந்த நான்கு பேரும் அடித்துக்கொண்டு பேசியதைப் போல ஒரு பேச்சு அதற்கு முன்னால் என் வகுப்பில் நடந்ததில்லை.

அட்டவணையின் கடைசிப் பத்தி மட்டும் என்னுடையது. அளவு எடுத்தவர் பெயர்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பள்ளிகளில் ரெக்கார்டு நோட்டு என்பது பரம்பரைச் சொத்து. அக்கா எழுதியதைத் தங்கை எழுதுவாள், தங்கையிடம் வாங்கி எதிர்வீட்டுப் பெண் எழுதுவாள். ஊசல் மூவருக்கும் ஒரே மாதிரி ஆடியிருக்கும், கடைசி தசமம் வரைக்கும். வருடக்கணக்கில் அந்தப் பொய்யைத் திருத்தி எனக்கு வெறுத்துவிட்டது. அதனால் என் வகுப்பில் மட்டும் ஒரு சட்டம். எந்த எண்ணாக இருந்தாலும் அதைக் கண்ணால் பார்த்தவர் பெயர் பக்கத்தில் இருக்க வேண்டும். கடவுளே வந்து அளந்தாலும் மிஸ் கையெழுத்துக் கேட்பார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

மூன்றாவது பெஞ்சுக்காரி கடைசியாகக் கொண்டுவந்த அட்டை மற்றவை போல இல்லை. அதில் புள்ளிகள் இல்லை. அட்டையே கருப்பாக இருந்தது. இடம் என்ற பத்தியில் "கிடங்கு, உள்ளே" என்று எழுதியிருந்தாள். எண்ணிக்கை என்ற பத்தியில் "எண்ண முடியவில்லை". நான் நம்பாமல் லென்ஸைக் கொடுத்து மூன்று முறை எண்ணச் சொன்னேன். மூன்று முறையும் கட்டத்துக்குள் வெள்ளையே தெரியவில்லை. கடைசிப் பத்தி காலியாக இருந்தது. சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டேன்.

"மிஸ், இது ஒண்ணுத்துக்கு மட்டும் பேரு வுட்றலாமா?"

"பேர் இல்லாத அளவு அளவே இல்லை. வதந்தி."

இடத்துக்குப் போய் "நைனா" என்று எழுதிக்கொண்டு வந்தாள். உறவுமுறையை எழுதாதே, பெயரை எழுது என்றேன். எழுதினாள்.

அவள் அப்பா நிலக்கரிக் கிடங்கு ஒன்றில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவர். ஓடுகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்துகிற கரியை வாரிப் போடுகிற வேலை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். சேர்க்கைப் பதிவேட்டில் நானே என் கையால் எழுதியது. ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கு அந்தக் காலிப் பத்தி மட்டும்தான் தெரிந்தது. ஏன் பெயர் வேண்டாம் என்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னைப் பற்றி நினைக்கும்போது எனக்கு வாய் கசப்பது இந்த இடத்தில்தான்.

பள்ளியில் கண்காட்சி வைத்தோம். எங்கள் அட்டவணையைப் பெயர்ப் பத்தியோடு ஒரு சார்ட்டில் பெரிதாக எழுதி மாட்டினோம். வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டும் குடிதண்ணீர் மெஷினும் வாங்கித் தந்த ஒரு கம்பெனியிலிருந்து அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பூந்தொட்டிகளை வேகமாகக் கடந்து வந்தவர் எங்கள் மேசையில் நின்றுவிட்டார். அட்டைகளை வரிசையாகப் பார்த்தார், காற்றைப் பற்றிக் கேட்டார். அவள் பயப்படாமல் பதில் சொன்னாள். "வெரி குட்மா, இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லி அவளைச் சார்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஃபோனில் படம் எடுத்தார். சார்ட்டின் ஓரம் சுருண்டிருந்தது. எல்லாப் பத்தியும் தெரியட்டும் என்று நான்தான் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. குப்பத்துப் பெண்தான் வந்து சொன்னாள்.

"அவ நைனாவ கேட்லயே நிறுத்திட்டாங்களாம் மிஸ். பாஸ புடுங்கிகினாங்களாம். உள்ள இன்னா மாட்டி வெச்சேன்னு கேட்டாங்களாம்."

தலைமையாசிரியையிடம் போனேன். அவருக்கு முன்னாலேயே விஷயம் தெரிந்திருந்தது. சார்ட்டை எடுத்துவிட்டார்கள், அட்டைகளையும். எங்கே என்று கேட்டதற்கு, "நீங்க போர்ஷன முடிங்க டீச்சர், எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ்" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த அதிகாரியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா, அது வேற கம்பெனி, கான்ட்ராக்ட் லேபர் விஷயம். நான் ஃபோட்டோவை எங்க குரூப்ல போட்டேன், பாராட்டித்தான் போட்டேன்" என்றார். அவர் குரலில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. யார் பார்த்தார்கள், யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாராக இருந்தாலும் அவர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி பெயரை அங்கே எழுத வைத்தது நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அவள் தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதைத் துடைத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். அம்மா இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போயிருந்தார். அவள் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வாங்க டீச்சர். எடம் கொஞ்சம் கலீஜா கீது, மனசுல வெச்சுக்காதீங்க. ஒக்காருங்க."

எனக்காகக் கடைக்குப் போய்க் கூல்டிரிங்ஸ் வாங்கிவந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு என்னுடையது, உங்கள் பெயரை நான்தான் எழுதச் சொன்னேன் என்று சொல்லி முடித்தேன். எப்படியும் கத்துவார், அது எனக்கு வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அய்ய, நீங்க இன்னா டீச்சர் பண்ணுவீங்க. படிப்பு விசயம். அவனுங்க ஆள கழிக்க ஏதாச்சும் ஒரு சாக்கு பாத்துகினு தான் இருப்பானுங்க" என்றார். இருமினார். இருமல் நிற்க நேரம் பிடித்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இவ ஒரு அட்டய குடுத்து, நைனா இத்த நீ சாப்புடற எடத்துல மாட்டு, சாங்காலம் எத்துகினு வான்னா. எதுக்குன்னேன், அப்பறம் சொல்றேன்னா. அதுக்குள்ள இந்த பேஜாரு ஆயிப்போச்சு. அதுல இன்னா டீச்சர் இருந்துச்சு?"

சாப்பிடுகிற இடம். "கிடங்கு, உள்ளே" என்பது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பதினோரு வருசமா அங்க தான் குந்திகினு சோறு துன்னேன். அதான் கேக்கறேன்."

டிரம் பக்கத்தில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வேலை போன மனிதர். இனிமேல் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. உள்ளே போனது போனதுதான், அதை இப்போது சொல்லி அவர் தூக்கத்தையும் ஏன் கெடுக்க வேண்டும்? அப்படி நினைத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். உண்மையில் பயம்தான். அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு கெட்ட செய்தியைச் சொல்கிற ஆளாக இருக்க எனக்குத் தெம்பில்லை.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க. எல்லா இடத்துலயும் இருக்கற மாதிரிதான்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, அப்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நானே லென்ஸைக் கையில் கொடுத்து மூன்று முறை எண்ண வைத்த பெண். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பரீட்சையில் தெரியாத கேள்விக்கு என் முகத்தில் விடை தேடுவாளே, அப்படித்தான் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஆமா நைனா" என்றாள். "எல்லா எடத்துலயும் இருக்கற மாதிரி தான்."

அவர் பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப பரவால்ல. நானு கொஞ்சம் பயந்துட்டேன் டீச்சர். காசிமேட்டுல ஐஸ் ஒடைக்க வரச் சொல்லி தோஸ்து ஒருத்தன் கூப்டுகினே கீறான். அந்த கரிக்குள்ள இனிமே வேணாம், அங்கயே பூடலாம்னு தான் நெனச்சுகினு இருந்தேன். ஒண்ணும் இல்லன்னா எதுக்கு அம்மாந்தூரம் போவணும்? நாளைக்கே கான்ட்ராக்டரு கைல கால்ல வியுந்து கேக்கறேன். பழைய ஆளு, சேத்துக்குவாரு."

மறுபடியும் பாத்திரச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சொல்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. பாட்டிலில் பாதி மீதி இருந்தது, அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. "சரிங்க, கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் தெருமுனை வரை வந்து என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அவள் வாசலுக்குக்கூட வரவில்லை.