மூன்றரை மாத நெல்

எங்கள் வட்டையில், அதாவது ஒரே குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் வயல்வெளியில், கை தூக்குவதற்குத் தோள் நன்றாக இருந்தால் போதும். தலையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. ஒவ்வொரு போகமும் தொடங்குவதற்கு முன் பலநோக்கு மண்டபத்தில் ஆரம்பக் கூட்டம் நடக்கும். எந்த நாளில் விதைப்பது, எத்தனை மாத நெல் விதைப்பது, குளத்துத் தண்ணீரை எப்போது நிறுத்துவது, அறுவடை முடிந்து மாடுகளை எப்போது வயலுக்குள் விடுவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். உத்தியோகத்தர் ஒன்றை வாசிப்பார். முன்வரிசையில் ஒரு கை எழும்பும். அதைப் பார்த்து இரண்டாம் வரிசை எழும்பும். பின்வரிசையில் தூங்குகிறவரைப் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார், அவரும் கண்ணைத் திறக்காமலே தூக்குவார்.

நானும் பல வருடம் அப்படித்தான் தூக்கினேன். நான் படிப்பித்து ஓய்வு பெற்றவன், வீடு தன்னாமுனையில். கரடியனாற்றுப் பக்கம் இருக்கும் அந்த இரண்டு ஏக்கர் வயல் என்னுடையதல்ல, அக்காவின் சீதனம். எங்கள் பக்கத்தில் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். அத்தான் இறந்த பிறகு வேலையை நாங்கள் இருவரும் பிரித்துக்கொண்டோம். கூட்டத்துக்குப் போவதும் தீர்மானம் எடுப்பதும் என் பங்கு. சேற்றில் நிற்பது அக்காவின் பங்கு. படித்தவன் நான் என்பதால் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை, எனக்கு அறவே தெரியவில்லை.

உரம் கிடைக்காமல் திண்டாடிய காலத்தில் ஒருவர் பிளாஸ்டிக் கான்களில் கறுப்புத் தண்ணீர் கொண்டுவந்து விற்றார். தெளித்தால் பயிர் கிளம்பும் என்றார். அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்னால் நின்றவர் வாங்கினார், அவருக்குப் பின்னால் நின்ற நானும் வாங்கினேன். பயிர் அந்தத் தண்ணீரைக் கண்டுகொள்ளவே இல்லை. அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒரு சபதம் எடுத்தேன். இனி கூட்டத்தோடு கோவிந்தா போடுவதில்லை, சொந்தப் புத்தியில்தான் நடப்பேன் என்று.

சொந்தப் புத்தி இவ்வளவு இலகுவானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அதற்கு எதிராகச் செய்ய வேண்டும். அவ்வளவுதான். வட்டை வாட்ஸ்அப் குழுவில் மழை வரும் என்று பத்துப் பேர் போட்டால் வராது என்று நான் போடுவேன். வராது என்று அவர்கள் மாறினால் அன்று பின்னேரமே நான் குடையோடு வெளிக்கிடுவேன். “ஸேர் எப்பவும் தனி ஆள்தான்” என்று தேநீர்க் கடையில் பேசிக்கொண்டார்கள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, ஒரு பிளேன்டீ கூடுதலாகக் குடித்தேன்.

கடந்த சிறுபோகத்துக்கான, கோடைப் பயிருக்கான, கூட்டம் வந்தது. குளத்தில் தண்ணீர் மட்டு, ஆகவே எல்லோரும் மூன்று மாத நெல் விதைப்பது என்று உத்தியோகத்தர் வாசித்தார். கைகள் எழும்பின. நான் நாற்காலியை விட்டு எழும்பினேன். மூன்றரை மாத நெல்தான் விளைச்சல் கூட, மந்தை மாதிரி ஒரே நெல்லை விதைக்காதீர்கள் என்று கால் மணித்தியாலம் பேசினேன். ஒரு கொட்டாவியைத் தவிர மறுமொழி எதுவும் வரவில்லை. எதிர்த்துத் தூக்கியது மண்டபம் முழுவதிலும் என் ஒரு கைதான். அந்தக் கையை இறக்க எனக்கு மனமே வரவில்லை.

தீர்மானம் எல்லோருக்கும் பொது. ஆனால் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவது சொந்தப் புத்திக்கு அழகா? அக்காவின் வயலில் மூன்றரை மாத நெல்லையே விதைக்கச் சொன்னேன்.

“எல்லாரும் வெட்டினாப் பிறகு நம்மட மட்டும் நிண்டா என்ன செய்றது தம்பி?” என்று அக்கா கேட்டாள்.

“ஊரோட ஓடுறதுதான் உங்களுக்கெல்லாம் தெரியும்” என்றேன். அவள் போய் விதைநெல்லை ஊறப்போட்டாள்.

பயிர் நன்றாகத்தான் வந்தது. கதிர் வந்தபோது வரம்பில் நின்று நான் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் படம் எடுக்கவில்லை. சுற்றியிருந்த வயல்கள் எல்லாம் பழுத்தன. வெட்டு மெசின் வந்தது, நான்கைந்து நாளில் வட்டையை முடித்துக்கொண்டு அடுத்த வட்டைக்குப் போய்விட்டது. கூட்டத்தில் சொன்ன நாளில் வாய்க்காலை அடைத்தார்கள். கூட்டத்தில் சொன்ன நாளிலேயே பட்டி மாடுகளும் வந்து இறங்கின. வெட்டிய வயல்களின் நடுவே அக்காவின் இரண்டு ஏக்கர் மட்டும் பச்சையாக, மணிக்குள் பால் இறுகாமல் நின்றது. அந்த வட்டாரத்து மாடுகளுக்கும் கிளிகளுக்கும் எலிகளுக்கும் அதைவிட நல்ல விருந்து வேறு எங்கும் இல்லை.

அக்கா வயலிலேயே ஒரு வாடி, காவல் குடிசை, போட்டு இருந்துவிட்டாள். மீன் டின்னைத் தட்டிக் கிளிகளைக் கலைத்தாள். பழைய சாரியைக் கிழித்து வரம்பெல்லாம் வேலி மாதிரிக் கட்டினாள். நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய், பயிர் எப்படி என்று கேட்டு, தைரியம் சொல்லிவிட்டு வருவேன். தைரியம் சொல்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஒரு நாள் மத்தியானம் அவள் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போன நேரம், வேலியைத் தள்ளிக்கொண்டு மாடுகள் உள்ளே போய்விட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வயலின் நடுவில் தடியோடு நின்றாள். கடைசி மாட்டை அப்போதுதான் வெளியே துரத்தியிருந்தாள்.

வட்டையின் தண்ணீரையும் மாட்டையும் கவனிக்கிற வட்டைவிதானைதான் வந்து என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். “மாட்டுக்காரனக் குத்தம் சொல்லேலா ஸேர். சொன்ன நாளைக்குத்தான் அவன் உட்டவன்” என்றார் மரியாதையாக. அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மெசின் போய்விட்டதால், மிஞ்சியதை அக்காவும் இரண்டு பெண்களும் தாக்கத்தி பிடித்துக் கையாலேயே வெட்டினார்கள். பாதிக்கு மேல் பதர். சாப்பாட்டுக்கும் இல்லை, அடுத்த போகத்துக்கு விதைக்கவும் இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து சொந்த நெல்லைக் குத்திச் சோறாக்கியவள், முதல் தடவையாகக் கடையில் அரிசி வாங்கினாள். அதுவும் பக்கத்துக் கடையில் இல்லை. தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று இரண்டு பஸ் மாறிக் காத்தான்குடிக்குப் போய் வாங்கிவந்தாள். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கேள்விப்பட்ட அன்று நான் சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அதற்கும் ஒரு முன்னுரை தயாரித்திருந்தேன். தனியாகச் சிந்திக்கிறவனுக்கு இப்படி ஒரு விலை இருக்கத்தான் செய்யும் என்று தொடங்கினேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா சுளகைக் கீழே வைத்தாள். “நீ யோசிச்சுப் பிழை விட்டிருந்தா எனக்குக் கவலையே இல்ல தம்பி. நீ எங்க யோசிச்ச? அவனுகள் எதுக்குக் கையத் தூக்குறானுகள் எண்டு பாத்துத்தானே நீ உன்ட கையத் தூக்கின. முந்தியும் அவனுகளப் பாத்த, இப்பயும் அவனுகளத்தான் பாக்காய். என்ட வயல எப்ப பாத்த?”

முன்னுரையின் மிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டு வந்தேன்.

அடுத்து வந்த பெரும்போகக் கூட்டத்துக்கு, மாரிமழைப் பயிருக்கான கூட்டத்துக்கு, அக்காவும் வந்தாள். பெண்கள் நான்கு பேர்தான், அவள் மூன்றாம் வரிசையில் என் பக்கத்தில் இருந்தாள். மழைக்கு முன்னமே விதைத்துவிடுவது என்று வாசித்ததும் வழக்கம்போலக் கைகள் எழும்பத் தொடங்கின. அக்கா எழுந்து நின்றாள்.

“கீழ்ப்பக்கத்து வடிச்சல் வாய்க்கால் மூடிக் கிடக்கு. அத வெட்டாம முன்னுக்கு விதைச்சா முதல் மழையிலயே தண்ணி வடியாம முளை அழுகிப்போகும். எப்ப வெட்டுவீங்க?”

உத்தியோகத்தர் கோப்பைப் புரட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் இன்னொரு கோப்பைப் புரட்டினார். எழும்பிய கைகள் இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றன. கடைசியில் ஒரு வாரத்துக்குள் வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். இன்னும் இரண்டு பேர் எழும்பி, வெட்டிய பிறகு விதைப்பு நாளைக் குறிப்போம் என்றார்கள். சிலர் அதற்குச் சரி என்றார்கள், சிலர் முறைத்தார்கள். அந்த மண்டபத்தில் ஆளுக்கு ஆள் வேறுவேறாகப் பேசியதை நான் அன்றுதான் கேட்டேன்.

எனக்குத்தான் பெரிய சிக்கல். ஊர் ஒரு பக்கமாக நின்றால்தானே நான் மறுபக்கம் போக முடியும்? வேறு வழி தெரியாமல் அக்காவின் கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழும்பினால் என்னுடையதும் எழும்புவதற்குத் தயார்.

“என்ன, இப்ப என்ட கையப் பாக்காயோ?” என்றாள், திரும்பாமலே.

முன்னால் இருந்த விவசாயச் சங்கத் தலைவர் என்னைக் கண்டுவிட்டார். “ஸேர் எந்தப் பக்கம்? வழக்கம்போல எதிர்ப்புத்தானே?” என்று கேட்டார். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

எழும்பினேன். “எனக்குத் தெரியாது. அந்த வாய்க்காலை நான் பார்த்ததில்லை” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று ஒருவர் கையும் தட்டினார். அக்கா சிரிக்கவில்லை. அந்த வாய்க்கால் அவளுடைய வயலின் வரம்போடுதான் போகிறது.